மின்னஞ்சல் வந்த உடனே தெரிய வேண்டும்: தனிச் செயலியா, உலாவிக்குள்ளேயே போதுமா?

#1 – தாழம்பூ

வணக்கம். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பது என் தொழில். வீட்டிலிருந்தே வேலை. வேலை தரும் நிறுவனங்கள் எல்லாம் வெளிநாட்டில் இருக்கின்றன. புதிய வேலை வந்தால் பட்டியலில் உள்ள தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் மின்னஞ்சல் அனுப்புவார்கள். "நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று முதலில் பதில் போடுபவருக்கு வேலை. கொஞ்சம் தாமதமாகப் பார்த்தால், "வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம், நன்றி" என்ற அடுத்த அஞ்சலும் கூடவே கிடக்கும்.

என்னிடம் மூன்று கணக்குகள். ஜிமெயில் ஒன்று, சொந்த டொமைனில் ஒன்று, பழைய அவுட்லுக்.காம் ஒன்று. விண்டோஸ் 11 மடிக்கணினி, 8 ஜிபி ரேம். மொழிபெயர்ப்பு மென்பொருளில் பெரிய கோப்பைத் திறந்துவிட்டால் குரோமில் நாலைந்து டேபுக்கு மேல் இழுக்காது. அதனால் மெயில் டேபை அடிக்கடி மூடிவிடுகிறேன்.

குரோமில் ஒரு நீட்சி (எக்ஸ்டென்ஷன், உலாவியோடு சேர்க்கும் குட்டி நிரல்) போட்டுக்கொண்டால் போதுமா? இல்லை, தண்டர்பேர்ட் போல அஞ்சலுக்கென்றே உள்ள ஒரு தனிச் செயலியை ஓடவிடுவது நல்லதா? இரண்டையும் வேலையில் வைத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். போனில் பார்க்கலாமே என்பீர்கள். வேலை நேரத்தில் போனை அடுத்த அறையில் வைத்துவிடுவேன், வாட்ஸ்அப் விடாது. தவிர, வேலையை ஏற்பதற்கு முன் இணைப்புக் கோப்பைத் திறந்து எத்தனை சொற்கள், என்ன துறை என்று பார்க்க வேண்டும். அது மடிக்கணினியில்தான் முடியும்.

#2 – கம்பிவடம்

முதலில் ஒன்றைச் சரிபாருங்கள். ஜிமெயில் இணையப் பக்கத்திலேயே அறிவிப்பு வசதி 2011 முதல் இருக்கிறது. அமைப்புகளில் பொதுப் பகுதியில் 'டெஸ்க்டாப் நோட்டிஃபிகேஷன்ஸ்' என்ற இடத்தில் மூன்று தேர்வுகள்: புது அஞ்சல் எல்லாவற்றுக்கும், முக்கியம் என்று குறிக்கப்பட்டவற்றுக்கு மட்டும், எதற்கும் வேண்டாம். ஆனால் ஜிமெயில் பக்கம் உலாவியில் திறந்திருந்தால்தான் அறிவிப்பு வரும். டேபை மூடினால் அதுவும் நின்றுவிடும். நீங்கள் டேபை மூடுபவர் என்பதால் இது உங்களுக்கு ஒத்துவராது.

இன்னொன்று, குரோமில் அனுமதி கொடுத்தால் மட்டும் போதாது. விண்டோஸ் அமைப்புகளில் சிஸ்டம், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போய், அங்கே குரோமுக்கு நேரே உள்ள பொத்தானும் ஆனில் இருக்க வேண்டும். "அறிவிப்பே வரவில்லை" என்று வருபவர்களில் பலருக்குச் சிக்கல் அந்த இரண்டாவது பொத்தானில்தான் இருக்கும்.

#3 – பொருநை

தாழம்பூ, நீங்கள் "செயலியா, உலாவியா" என்று கேட்கிறீர்கள். நான் அதை வேறு மாதிரி கேட்பேன். நீங்கள் வேறு வேலையில் மூழ்கியிருக்கும்போது, அஞ்சல் சேவையகத்தோடு தொடர்பை அறுக்காமல் வைத்திருப்பது யார்? இதற்குப் பதில் தெரிந்தால் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதும் தெரிந்துவிடும்.

அஞ்சல் வந்ததை அறிய இரண்டு வழிகள். ஒன்று, நாமே குறிப்பிட்ட இடைவெளியில் போய் "புதிதாக ஏதாவது உண்டா?" என்று கேட்பது. இன்னொன்று, தொடர்பைத் திறந்தே வைத்துக்கொண்டு, வந்ததும் சேவையகமே சொல்வது. வாசல் பெட்டியை மணிக்கொருமுறை திறந்து பார்ப்பதற்கும் தபால்காரர் மணியடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

அஞ்சலைச் சேவையகத்திலேயே வைத்துப் படிக்கும் முறைக்கு ஐமேப் என்று பெயர். அதில் இந்த இரண்டாவது வழிக்கு 'ஐடில்' என்று பெயர். 1997இலேயே ஆர்.எஃப்.சி 2177 என்ற இணையத் தர ஆவணமாக வந்துவிட்டது. செயலி 'ஐடில்' என்று ஒரு கட்டளையை அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கும். அஞ்சல் வந்ததும் சேவையகம் அந்தத் திறந்த இணைப்பிலேயே சொல்லிவிடும். சும்மா கிடக்கும் இணைப்பை அரை மணி நேரத்தில் சேவையகம் துண்டித்துவிடக்கூடும் என்பதால், 29 நிமிடத்துக்கு ஒருமுறையாவது கட்டளையைப் புதுப்பிக்கச் சொல்கிறது அந்த ஆவணம். இதற்காகும் மின்சாரமும் இணையமும் ஒன்றுமே இல்லை எனலாம். அஞ்சலைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் பழைய முறையான பாப்3இல் இந்த வசதி கிடையாது, போய்ப் போய்க் கேட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டும். உங்கள் டொமைன் கணக்கை பாப்பில் போட்டிருந்தால் முதல் வேலையாக ஐமேப்புக்கு மாற்றுங்கள்.

தண்டர்பேர்டில் கணக்கு அமைப்பைத் திறந்து 'சர்வர் செட்டிங்ஸ்' பாருங்கள். அங்கே இரண்டு வரிகள் இருக்கும். ஒன்று, இத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை பார் என்பது. 10 நிமிடம் என்று நிரப்பியே வரும். இன்னொன்று, புது அஞ்சல் வந்தால் சேவையகம் உடனே சொல்ல அனுமதி என்பது. இந்த இரண்டாவதுதான் ஐடில். இதில் டிக் இருக்கிறதா என்று மூன்று கணக்குக்கும் தனித்தனியாகப் பாருங்கள். "தண்டர்பேர்ட் மெதுவாகச் சொல்கிறது" என்று வருத்தப்படுகிறவர்கள் பலர் அந்தப் 10 நிமிடத்தை நம்பி ஓட்டுகிறவர்கள்.

இனி நீட்சிகள். நீட்சிகளை எழுதுவதற்கான விதிமுறைகளில் மேனிஃபெஸ்ட் வி3 என்ற அமைப்பை மட்டுமே குரோம் இப்போது ஏற்கிறது. பழைய வி2 நீட்சிகளை 2024 முதல் படிப்படியாக நிறுத்திவிட்டார்கள். புது அமைப்பில் நீட்சியின் பின்னணிப் பகுதி 30 விநாடி வேலையில்லாமல் இருந்தால் உலாவி அதைத் தூங்கவைத்துவிடும். பிறகு அலாரம் வைத்துத்தான் எழ வேண்டும். அந்த அலாரத்தின் மிகக் குறைந்த இடைவெளி முன்பு ஒரு நிமிடம், குரோம் 120 முதல் 30 விநாடி. அதனால் ஒரு நல்ல நீட்சி கேட்டுக் கேட்டே பார்த்தாலும் ஒரு நிமிடத்துக்குள் சொல்லிவிட முடியும். உங்கள் தொழிலுக்கு அது போதுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

#4 – மாடத்துப்புறா

அறிவிப்பே வேண்டாம் என்பது என் கட்சி. காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை திறந்து பார்க்கிறேன். இடையில் எதுவும் மணியடிக்கக் கூடாது. மொழிபெயர்ப்பு போல மனம் ஒன்றிச் செய்யும் வேலைக்கு இது இன்னும் முக்கியம் இல்லையா?

#5 – தாழம்பூ

புறா, நீங்கள் சொல்வது சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்களுக்குச் சரி. எனக்கு அஞ்சல்தான் வேலை வரும் வாசல். ஆனால் நூறு அஞ்சலில் என்னை எழுப்ப வேண்டியவை நாலைந்துதான், அதை ஒத்துக்கொள்கிறேன். மீதியெல்லாம் சாயங்காலம் பார்த்தால் போதும்.

பொருநை அண்ணா, ஒரு நிமிடம் தாராளம். ஐந்து நிமிடம்தான் தாங்காது.

#6 – நல்லூரான்

உலாவியின் பக்கம் நின்று ஒருவரும் பேசவில்லை, நான் பேசுகிறேன். நான் யாழ்ப்பாணத்தில் ஓர் அலுவலகத்தில் இருக்கிறேன். கணினி அலுவலகத்தினுடையது, எந்த மென்பொருளையும் நாங்களாக நிறுவ முடியாது. என்னைப் போலக் கனபேர் இருக்கிறார்கள். எங்களுக்கு உலாவிதான் வழி.

அதோடு உலாவி என்றால் டேப் திறந்தே இருக்க வேண்டும் என்ற காலம் போய்விட்டது. வெப் புஷ் என்ற முறை குரோமில் 2015இலும் ஃபயர்ஃபாக்ஸில் 2016இலும் வந்தது. சஃபாரி மட்டும் 2022 வரை காத்திருக்க வைத்தது. இதில் தளத்தின் ஒரு சிறு நிரல் உலாவிக்குள் தங்கிவிடும். அந்தத் தளம் உலாவி நிறுவனத்தின் புஷ் சேவையகத்துக்குச் செய்தி அனுப்ப, அது உலாவியை எழுப்பும். டேப் தேவையில்லை, உலாவி ஓடினால் போதும். குரோமை மூடிய பிறகும் பின்னணியில் ஓட விடும் தேர்வு ஒன்று விண்டோஸில் அதன் அமைப்புகளில் சிஸ்டம் பகுதியில் இருக்கிறது. அதை இயக்கினால் சாளரங்களை மூடினாலும் குரோம் கடிகாரத்துக்குப் பக்கத்தில் சின்னமாக உயிரோடு இருக்க முடியும்.

ஆனால் உங்கள் அஞ்சல் சேவை வெப் புஷ் அனுப்பினால்தான் இது நடக்கும், அதை மறைக்கக் கூடாது. சொந்த டொமைனுக்கு ஹோஸ்டிங் நிறுவனங்கள் தரும் வெப்மெயில் (உலாவியில் திறக்கும் அஞ்சல் பக்கம்) பலவற்றில் அது இல்லை.

#7 – கம்பிவடம்

நல்லூரான் சொன்னதோடு ஒன்று. டேபைத் திறந்து வைத்தாலும் உலாவி அதை மதிக்க வேண்டுமே. குரோம் 88இலிருந்து, அதாவது 2021 ஜனவரியிலிருந்து, ஐந்து நிமிடத்துக்கு மேல் மறைந்து கிடக்கும் பக்கத்தின் கடிகாரங்கள் நிமிடத்துக்கு ஒருமுறைதான் ஓடும். 2022 இறுதியில் மெமரி சேவர் வந்தது. பயன்படுத்தாத டேபை ரேமிலிருந்தே இறக்கிவிடும். எட்ஜில் இதைப் போன்ற வசதியை ஸ்லீப்பிங் டேப்ஸ் என்பார்கள். அறிவிப்பு அனுப்பும் பக்கங்களைக் குரோம் பெரும்பாலும் விட்டுவைக்கும் என்றாலும், எப்போதும் விழித்திருக்க வேண்டிய தளங்கள் என்ற பட்டியலில் உங்கள் வெப்மெயில் முகவரியை நீங்களே சேர்த்துவிடுங்கள். ரேம் குறைவான மடிக்கணினியில் இது கட்டாயம்.

#8 – பனையோலை

வேகத்தை மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அஞ்சல் பெட்டியின் சாவியை யாரிடம் கொடுக்கிறோம் என்பதையும் பேச வேண்டும். வங்கிக் கடவுச்சொல்லை மறந்தால் அதை மாற்றும் இணைப்பு வருவது அந்தப் பெட்டிக்குத்தான்.

நீட்சியை நிறுவும்போது "இந்தத் தளத்தில் உள்ள உங்கள் தரவு அனைத்தையும் படிக்கவும் மாற்றவும்" என்று அனுமதி கேட்கும். எண்ணிக்கை மட்டும் காட்டும் எளிய நீட்சிகூட அதைக் கேட்கலாம். இன்று எழுதியவர் நல்லவராக இருக்கலாம். நாளை அந்த நீட்சியை வேறொருவருக்கு விற்றுவிட்டால், புதுப்பிப்பு உங்களைக் கேட்காமலே இறங்கும். அதனால் நான் பார்ப்பவை இவை: யார் எழுதியது, மூலநிரல் வெளியில் இருக்கிறதா, கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள், காசு எங்கிருந்து வருகிறது. கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் நான் நிறுவுவதில்லை.

தனிச் செயலிக்கும் இதே கேள்வி உண்டு. விண்டோஸோடு வந்த பழைய மெயில் செயலிக்கான ஆதரவு 2024 டிசம்பர் 31உடன் முடிந்தது. அதன் இடத்துக்கு வந்த புதிய அவுட்லுக், ஜிமெயில் போன்ற பிற கணக்குகளைச் சேர்க்கும்போது உங்கள் அஞ்சல்களை மைக்ரோசாஃப்டின் மேகத்தில் (அவர்களின் இணையச் சேமிப்பில்) ஒரு பிரதி வைத்துக்கொள்ளும். அந்தத் திரையில் அதைச் சொல்லித்தான் கேட்கிறார்கள், ஆனால் நாம் படிக்காமல் 'தொடர்' என்று அழுத்திவிடுகிறோம். வாடிக்கையாளரோடு ரகசிய ஒப்பந்தம் போட்டிருக்கும் மொழிபெயர்ப்பாளர் அந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டும். தண்டர்பேர்ட் உங்கள் கணினியிலிருந்து நேரே சேவையகத்தோடு பேசும், நடுவில் யாருமில்லை.

ஆனால் அங்கே வேறொரு வேலை இருக்கிறது. கடவுச்சொற்கள் அதன் அமைப்புகளுக்குள் சேமித்திருக்கும். மடிக்கணினி முன் உட்காரும் யாரும் திறந்து பார்க்கலாம். 'பிரைமரி பாஸ்வேர்ட்' ஒன்றைக் கட்டாயம் போடுங்கள்.

#9 – சித்தன்னவாசல்

ஒரு சின்னப் பழங்கதை, பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த விவாதத்துக்கு நாற்பது வயதுக்கு மேல் ஆகிறது. பெர்க்லி யுனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தில் 'பிஃப்' என்று ஒரு நிரல் இருந்தது. அஞ்சல் வந்தால் முனையத்தில், அதாவது எழுத்து மட்டும் தெரியும் திரையில், சொல்லும். பெர்க்லியில் எல்லாருக்கும் பழக்கமான ஒரு நாயின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். பிறகு யுனிக்ஸில் சாளரங்களும் படங்களும் காட்டும் எக்ஸ் விண்டோவில் 'எக்ஸ்பிஃப்' வந்தது. திரை ஓரத்தில் ஓர் அஞ்சல் பெட்டிப் படம், அஞ்சல் வந்தால் அதில் கொடி உயரும். வேறெதுவும் செய்யாது. தண்டர்பேர்டின் உள் அமைப்புகளைத் திறந்து பாருங்கள், அறிவிப்பு தொடர்பான வரிகள் இன்றும் 'மெயில்.பிஃப்' என்றுதான் தொடங்கும். நான் அந்தக் கொடி ஒன்றே போதும் என்று நினைக்கிற ஆள். வேலை செய்யும்போது அஞ்சலின் தலைப்பு திரையில் வந்து விழுந்தால் கண் அதைப் படிக்காமல் இருக்காது.

#10 – வேலிப்பருத்தி

இவ்வளவு எதற்கு? மூன்று கணக்கையும் ஜிமெயிலுக்கு ஃபார்வர்ட் செய்துவிட்டு ஒன்றை மட்டும் கவனித்தால் முடிந்தது.

#11 – பொருநை

வேலிப்பருத்தி, அதில் ஒரு பள்ளம் இருக்கிறது. அனுப்பியவரின் டொமைன் "எங்கள் அஞ்சல் இந்தச் சேவையகங்களிலிருந்துதான் வரும்" என்று எஸ்பிஎஃப் பதிவில் அறிவித்திருக்கும். நீங்கள் ஃபார்வர்ட் செய்தால் அது உங்கள் ஹோஸ்டிங் சேவையகத்திலிருந்து ஜிமெயிலுக்குப் போகும், பட்டியலில் அது இருக்காது. அனுப்பியவரின் டொமைன் அஞ்சலில் போடும் டிகிம் என்ற மின்கையொப்பம் சிதையாமல் போய்ச் சேர்ந்தால் தப்பிக்கும். இல்லையென்றால் ஸ்பேமில் விழும், அல்லது இந்தச் சோதனைகளில் தேறாததை என்ன செய்வது என்று அந்த டொமைன் சொல்லும் டிமார்க் கொள்கை கடுமையாக இருந்தால் திருப்பியே அனுப்பப்படும். ஸ்பேமில் விழுந்ததற்குக் கருவிகள் தானாக மணியடிக்காது. ஜிமெயிலில் 'ஒருபோதும் ஸ்பேமுக்கு அனுப்பாதே' என்று வடிகட்டி போடலாம், ஆனால் திருப்பி அனுப்பப்பட்டதற்கு அது உதவாதே? ஒரு புது நிறுவனம் முதன்முதலாக எழுதும் அஞ்சலைத்தான் தாழம்பூ தவறவிடக் கூடாது.

#12 – தாழம்பூ

எல்லாருக்கும் நன்றி. இரண்டு வாரமாகத் தண்டர்பேர்டும், ஜிமெயிலுக்கு மட்டும் ஒரு நீட்சியும் பக்கத்துப் பக்கத்தில் ஓடவிட்டேன். ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு அஞ்சல் அனுப்பிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஐடில் இருக்கும் கணக்குகளில், 'அனுப்பு' அழுத்திவிட்டுக் கையை எடுப்பதற்குள் வலது ஓரத்தில் வந்துவிடுகிறது. நீட்சி சில நேரம் உடனே, சில நேரம் ஒரு நிமிடம் போல. அதுவும் எனக்குப் போதும். ஆனால் ரேம் விஷயத்தில் தண்டர்பேர்ட் ஜெயித்துவிட்டது. குரோமை முழுக்க மூடிவிட்டு மொழிபெயர்ப்பு மென்பொருளை மட்டும் திறந்து வேலை செய்ய முடிகிறது, அதை நான் எதிர்பார்க்கவில்லை.

இரண்டு கேள்விகள் மீதி. டொமைன் கணக்கில் மட்டும் அறிவிப்பு சில நேரம் நின்று, பிறகு மொத்தமாக வருகிறது. அப்புறம், வேலை தரும் நிறுவனங்களின் அஞ்சலை ஒரு தனி ஃபோல்டருக்குப் போகும்படி சேவையகத்தில் வடிகட்டி போட்டிருக்கிறேன். அதில் விழுந்தவற்றுக்கு மணியே அடிப்பதில்லை.

#13 – பொருநை

இரண்டாவது முதலில். தண்டர்பேர்ட் தானாகக் கவனிப்பது இன்பாக்ஸை மட்டுந்தான். அந்த ஃபோல்டரின் மேல் வலது சொடுக்கு, 'ப்ராப்பர்ட்டீஸ்', அங்கே இந்தக் கணக்கில் அஞ்சல் பார்க்கும்போதெல்லாம் இந்த ஃபோல்டரையும் பார் என்ற பெட்டியில் டிக் போடுங்கள். சரியாகிவிடும்.

முதலாவது, எனக்குத் தோன்றுவது இணைப்பு எண்ணிக்கை. ஐடில் ஒரு ஃபோல்டருக்கு ஓர் இணைப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தண்டர்பேர்ட் ஒரு கணக்குக்கு ஐந்து இணைப்பு வரை வைத்திருக்கும். ஜிமெயில் ஒரு கணக்குக்கு 15 வரை விடும், அங்கே பிரச்சினை இல்லை. ஹோஸ்டிங் நிறுவனங்களில் பரவலாக ஓடுவது டவ்காட் என்ற சேவையகம். ஒரே ஐபி முகவரியிலிருந்து ஒரு பயனருக்கு 10 இணைப்பு என்பது அதில் இயல்பான வரம்பு, சிலர் இன்னும் குறைத்து வைப்பார்கள். உங்கள் மடிக்கணினியும் போனும் ஒரே வைஃபையில் இருந்தால் வெளியே ஒரே ஐபி. இரண்டும் சேர்ந்து வரம்பைத் தொட்டால் புது இணைப்பு மறுக்கப்படும். 'சர்வர் செட்டிங்ஸ்', 'அட்வான்ஸ்ட்' போய் அந்த ஐந்தை மூன்றாகக் குறைத்துப் பாருங்கள்.

#14 – பனையோலை

தாழம்பூ, அந்த நீட்சியை இனிப் பயன்படுத்தப் போவதில்லை என்றால் நீக்கிவிடுங்கள். நீக்கினால் மட்டும் போதாது. கூகுள் கணக்கில் பாதுகாப்புப் பக்கத்தில் மூன்றாம் தரப்பு இணைப்புகள் என்ற பட்டியல் இருக்கும். அங்கே போய் அதற்குக் கொடுத்த அனுமதியையும் ரத்து செய்ய வேண்டும்.

தண்டர்பேர்டில் ஜிமெயிலைச் சேர்க்கும்போது கூகுளின் உள்நுழைவுச் சாளரம் வந்திருக்குமே, அதுதான் ஓஆத்: கடவுச்சொல்லைச் செயலியிடம் கொடுக்காமலே அனுமதி தரும் முறை. வெறும் கடவுச்சொல்லைக் கொண்டு செயலிகள் உள்ளே நுழைவதைத் தனிநபர் கணக்குகளில் கூகுள் 2022 மே மாத இறுதியில் நிறுத்தியது. மைக்ரோசாஃப்ட் அவுட்லுக்.காமில் 2024 செப்டம்பரில் நிறுத்தியது. பல வருடமாகப் புதுப்பிக்காத சின்னச் சின்ன அறிவிப்புக் கருவிகள் பல இதனால்தான் செத்துப்போயின. யாராவது பழைய கருவி ஒன்றைப் பரிந்துரைத்தால், அதில் ஓஆத் உண்டா என்று முதலில் கேளுங்கள்.

#15 – நல்லூரான்

தாழம்பூ அக்கா, நீங்கள் நூற்றில் நாலைந்துதான் எழுப்ப வேண்டும் என்றீர்கள். அந்த இடத்தில் ஜிமெயிலின் இணையப் பக்கம் நன்றாக உதவும். நிறுவனங்களின் முகவரிகளை ஒரே வடிகட்டியில் போட்டு 'எப்போதும் முக்கியம் என்று குறி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். செய்திமடல்களுக்கு இன்னொரு வடிகட்டி, 'ஒருபோதும் முக்கியம் என்று குறிக்காதே'. பிறகு கம்பிவடம் சொன்ன மூன்று தேர்வில் நடுவில் உள்ளதை வையுங்கள். முக்கியம் எது என்று ஜிமெயில் தானாகவும் ஊகிக்கும் என்பதால் தொடக்கத்தில் சில தேவையற்றவை வரும். மஞ்சள் குறியை எடுத்துவிட எடுத்துவிடக் குறையும்.

நான் அலுவலகத்தில் இப்படித்தான் வைத்திருக்கிறேன். நாள் முழுவதும் இரண்டோ மூன்றோதான் ஒலிக்கும்.

#16 – தாழம்பூ

இணைப்பை மூன்றாகக் குறைத்தபின் டொமைன் கணக்கு இதுவரை நிற்கவில்லை. ஃபோல்டரும் மணியடிக்கிறது. பொருநை அண்ணாவுக்கு நன்றி.

இப்போது என் ஏற்பாடு: மூன்று கணக்கும் தண்டர்பேர்டில், சிறிதாக்கினால் கடிகாரத்துக்குப் பக்கத்தில் போய்விடும்படி. நீட்சியை நீக்கி அனுமதியையும் ரத்து செய்துவிட்டேன். நல்லூரான் சொன்ன வடிகட்டிகளை ஜிமெயிலில் போட்டிருக்கிறேன், வெளியூர் போய் வேறு கணினியில் உட்காரும்போது பயன்படும். ஃபோனிலும் ஆண்ட்ராய்டு ஜிமெயிலில், நிறுவனங்களின் அஞ்சலுக்கு ஒரு லேபிள் வைத்தால் அதற்கு மட்டும் தனி ஒலி வைக்க முடிகிறது, அதையும் செய்துவிட்டேன்.

ஒன்று மட்டும் புரியவில்லை. வாடிக்கையாளரோடு வீடியோ அழைப்பில் பெரிய திரையை இணைத்திருக்கும்போது எதுவுமே வருவதில்லை.

#17 – கம்பிவடம்

ஒரே காட்சி இரண்டு திரையிலும் தெரியும்படி இரட்டிப்பாக்கும்போது விண்டோஸ் தானாகவே 'டு நாட் டிஸ்டர்ப்' நிலைக்குப் போகும். நோட்டிஃபிகேஷன்ஸ் பக்கத்தில் அது எப்போதெல்லாம் தானாக இயங்க வேண்டும் என்ற பட்டியல் இருக்கிறது, வேண்டாததில் டிக்கை எடுக்கலாம். ஆனால் வாடிக்கையாளர் பார்க்கும் திரையில் இன்னொரு வாடிக்கையாளரின் அஞ்சல் தலைப்பு வந்து விழுவது உங்களுக்குச் சம்மதமா என்று யோசித்துவிட்டு எடுங்கள். நானாக இருந்தால் அதை அப்படியே விட்டுவிட்டு, அந்த நேரத்துக்கு மட்டும் ஃபோனைப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். மற்ற நேரங்களில் நீங்களே 'டு நாட் டிஸ்டர்ப்' போட்டுக்கொண்டு வேலை செய்வதானால், அதே பக்கத்தில் முன்னுரிமைச் செயலிகள் பட்டியலில் தண்டர்பேர்டைச் சேர்த்துவிடுங்கள். மற்றதெல்லாம் அடங்கியிருக்கும், அது மட்டும் ஒலிக்கும்.

#18 – தாழம்பூ

சேர்த்துவிட்டேன். திரை விஷயத்தில் நீங்கள் சொன்னபடியே விட்டுவிடுகிறேன், அது எனக்குத் தோன்றவில்லை.